அட்டைப்பெட்டி அம்மணியின் செங்கடல்

வேதாகமத்தைப் படித்தவர்கள் உண்டு, பிரசங்கித்தவர்கள் உண்டு, மனப்பாடமாக ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவர்களும் உண்டு. ஆதியாகமத்தில் தொடங்கி அதைச் சமைத்துத் தட்டில் பரிமாறியவள், என் அறிவுக்கு எட்டியவரை, இந்தப் பூமியில் ஒருத்திதான். சரவணம்பட்டியில் நாலு போர்ஷன் கொண்ட எங்கள் காம்பவுண்டின் மாடியில் அவள் குடியிருந்தாள்.

ஞானஸ்நானத்தில் வைத்த நீளமான, அழகான பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. அவள் அட்டைப்பெட்டி அம்மணி. கூரியர்காரர் எந்த வீட்டு மணியை அடித்தாலும், பெட்டியின் டேப்பைக் கிழிக்கும் முன்னால் அவள் வாசலில் நிற்பாள்.

"ஏனுங்கண்ணா, உள்ளாற இருக்கறதை எடுத்துக்குங்க. பொட்டியை மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

நான் வாங்கிய மிக்ஸி ஓடவில்லை. திருப்பி அனுப்பலாமென்றால், "பெட்டியோடு கொடுங்கள்" என்றார்கள். மாடிக்குப் போனேன். பெட்டி நோவாவின் பேழையாகியிருந்தது. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பக்கத்திலிருந்து இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன. அந்தக் கண்களைப் பார்த்த பிறகு என்ன கேட்பது? ஓடாத மிக்ஸியோடு வாழப் பழகிக்கொண்டேன்.

அவள் சூலூர்க்காரி. கணவர் ஐ.டி. கம்பெனியில் இரவுப்பணி. பகலெல்லாம் படுக்கையறையில் ஏ.சி.யும் அவரும் ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் ஊர் தூத்துக்குடிப் பக்கம். மகள் எஸ்தர், நாலு வயது, கொத்தவரங்காயைப்போல இருப்பாள்.

குடிவந்த முதல் டிசம்பரிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டு வந்தது. அதில் பூப்பூவாக அச்சு முறுக்கும், மைதாவில் நிறைய உப்புச் சேர்த்துப் பிசைந்து காயவைத்த நட்சத்திரங்களும் இருந்தன. முறுக்கு தின்பதற்கு, நட்சத்திரம் வாசலில் தொங்கவிடுவதற்கு. எங்கள் ஹவுஸ் ஓனர் முறுக்கைத் தொங்கவிட்டுவிட்டு நட்சத்திரத்தைத் தின்றார். மறுநாள் அவர் வாசலில் எறும்புகள் பவனி போயின.

"நல்லாருந்துச்சுங்க அம்மணி" என்றார் ஓனர். "உப்பு மட்டும் ஒரு துளி தூக்கலுங்க. பல்லுக்கும் கொஞ்சம் வேலை வெச்சுப்போட்டுதுங்க."

அவர் அப்படித்தான். அறுபது வயதுக்குமேல் ஆகியும் ஒருவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்லத் தெரியாத மனிதர். அவள் ஆசையாகக் கொடுத்தது என்றால் ஜன்னல் கம்பியைக்கூட ருசி பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்பார்.

எஸ்தர் சாப்பிடமாட்டாள். அடம், அழுகை ஒன்றும் கிடையாது. வாயை மூடுவாள், அவ்வளவுதான். வங்கி லாக்கர்கூட இரண்டு சாவி போட்டால் திறக்கும். ஒருநாள் அம்மணி வேறு வழி தெரியாமல் ஒரு கொண்டைக்கடலையைக் கரண்டியில் வைத்து, "இது யோனாவாமா. நீதான் பெரிய மீனாமா. யோனா உள்ள போகாட்டி கதை நகராதுடா கண்ணு" என்றாள். வாய் திறந்தது. யோனா உள்ளே போனான். அவன் பின்னால் ஒரு கிண்ணம் சுண்டலும் போனது.

அன்றிலிருந்து எங்கள் காம்பவுண்டில் மதிய நேரம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பகல் பன்னிரண்டரை ஆனால் சில நாள் ஜலப்பிரளயம், சில நாள் சிங்கக் குகை. தயிர் தாளிக்கும் வாசனை வந்தால் எங்கோ ஒரு ராஜ்யம் விழப்போகிறது என்று பொருள்.

குழந்தைக்குத் தட்டு மட்டும் போதவில்லை, ஆட்களும் வேண்டும். தகப்பனார் தூங்குகிறார். வீட்டிலிருந்தபடி விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிற ஒண்டிக்கட்டை நான், கூப்பிட்ட குரலுக்குக் கிடைப்பேன்.

"அண்ணா, சித்த மேல வாங்க. நீங்க கழுதைங்க."

பிலேயாமின் பேசும் கழுதை. வசனம் உண்டு என்பதால் பெருமைப்பட்டேன். ஓனர், கவண்கல் பட்டு விழும் ராட்சதன் கோலியாத். எஸ்தர் பச்சைப்பட்டாணியைச் சுண்டினால் அவர் விழவேண்டும். பட்டாணி நெற்றியில் படும், அவர் நின்றுகொண்டு, "இப்ப விழட்டுங்களா?" என்று கேட்பார். இட்லித் துண்டுகளால் எரிகோவின் மதில் எழும்பிய நாளில், அது இடிந்து விழுவதற்காகச் சாப்பாட்டு மேசையை நாங்கள் எல்லாரும் சுற்றிவந்தோம். அந்த நேரம் வந்த கூரியர்காரரும் ஒரு சுற்றுச் சுற்றிய பிறகுதான் கையெழுத்து வாங்க முடிந்தது.

எங்களுக்குள் எல்லாம் கலங்கிப்போயிற்று. மாடிப்படியில் என்னை மறித்து ஓனரம்மா கேட்பார்: "ஏனுங்க தம்பி, இந்த நோவா, மோசேக்குப் பெரியப்பனுங்களா? நேத்து ஆறு, இன்னைக்குக் கடலு. இவங்க சாதி சனமெல்லாம் ஏன் எப்பப் பாத்தாலும் தண்ணியிலயே கெடக்குறாங்க?" எனக்கும் தெரியவில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிவது கழுதையா மனிதனா என்பதே சில காலைகளில் தெளிவாக இல்லை. ஓனர் தினமும் காலை பால் வாங்கப் போகிற வழியில் மாடியைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்: "அம்மணி, இன்னைக்கு நான் நல்லவனுங்களா, கெட்டவனுங்களா?"

இவ்வளவு ஆடியும் எஸ்தரின் எடை ஏறவில்லை. சுண்டல் கிண்ணம் அளவுக்குக் கதைகள் போயினவே தவிர, ஒரு முழுச் சாப்பாடு போகவில்லை. நவம்பர் கடைசியில் தூத்துக்குடியிலிருந்து அம்மணியின் மாமியார் போனில் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் பேசினால் ஸ்பீக்கர் தேவையில்லை. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கே கேட்டது.

"கிறிஸ்மஸுக்கு வாரேன். பிள்ள சாப்பிடுதான்னு என் கண்ணால பாப்பேன். அப்படியே எலும்பும் தோலுமா இருந்தா எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். ஒரு வருசம் என்ட்ட இருக்கட்டும். ஒங்க ரெண்டு பேருக்கும் வளக்கத் தெரியல."

தூக்கக் கலக்கத்தில் கணவர், "சரிம்மா" என்றது அதைவிடத் தெளிவாகக் கேட்டது.

அம்மணி கீழே வந்து படியில் உட்கார்ந்தாள். கையில் பாதி வெட்டிய அட்டை ஒட்டகம். "எம்பட புள்ளையைக் கூட்டிட்டுப் போயிருவாங்களாமுங்க" என்றாள். பிறகு ஒட்டகத்தின் திமிலை வெட்டத் தொடங்கினாள். ஒன்றல்ல, நாலு திமில் வெட்டினாள்.

மறுநாள் திட்டத்தோடு வந்தாள். மற்றதெல்லாம் சிற்றுண்டிக் கதைகள், யாத்திராகமம்தான் முழுச் சாப்பாடு. மோசே வந்து எகிப்து ராஜாவான பார்வோனிடம், "என் ஜனங்களைப் போகவிடு" என்பார். பார்வோன், "மாட்டேன்" என்பான். ஒவ்வொரு மாட்டேனுக்கும் கடவுள் அனுப்பும் ஒரு வாதை, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு வாய். கடைசியில் ஒரு கிண்ணம் பீட்ரூட் சாதம், அதுதான் ஜனங்கள் தப்பிப்போகும் செங்கடல். கரண்டியால் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் குழந்தை தின்றுகொண்டே கரையேற வேண்டும். மாமியார் கண்முன் இது நடந்தால் போதும்.

பார்வோன் யார்? ஓனர்தான். முட்டை அட்டையை வெட்டித் தங்கத்தாள் ஒட்டிய கிரீடம் அவருக்கு அம்சமாகப் பொருந்தியது. ஒத்திகை ஆரம்பித்தது. துடைப்பக் குச்சியை ஊன்றிக்கொண்டு மோசேயாக நின்றாள் அம்மணி.

"என் ஜனங்களைப் போகவிடு!"

"சரிங்க" என்றார் பார்வோன்.

"ஐயோ, சரீன்னு சொல்லக்கூடாதுங்க! நீங்க கெட்டவருங்க. உங்க மனசு கல்லுங்க."

"அப்படிங்களா? செரி, இன்னொருக்கா கேளுங்க."

"என் ஜனங்களைப் போகவிடு!"

"போகக்கூடாதுங்க" என்றார். கண் கலங்கியது. "அப்படியே போறதா இருந்தாலும் சாப்புட்டுட்டுப் போங்க. பாலைவனமுன்னு சொல்றீங்க, கைக்கொழந்தைக வேற இருக்கும்."

ஓனரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு வேண்டாமுன்னு சொல்லிப்போடலாம்னுதான் வந்தாராமா. அதுக்கே வாய் வரலை. இந்த மனுசனைப் போய்க் கல்லு மனசுங்கறியே அம்மணி!"

டிசம்பர் முழுக்க ஒத்திகை. குளியலறையிலிருந்து, "மாட்டேன்... மாட்டேனுங்க... மன்னிச்சுக்குங்க, மாட்டேன்" என்று ஓனரின் குரல் கேட்கும்.

மாமியார் வந்து இறங்கினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பேழை, ஒட்டகங்கள், பஞ்சு ஆடுகள், மதில். "இது வீடாட்டி, இல்ல பிள்ளைகளுக்கு லீவுல பைபிள் பாடம் நடத்துத வி.பி.எஸ். கொட்டகையா?"

கிறிஸ்மஸ் அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும் எஸ்தரை மடியில் உட்காரவைத்து அவரே ஊட்டத் தொடங்கினார். எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்கவும் மூடவும் வைத்த கை. "ஏ பிள்ள, வாயத் தொற. தொறங்கேன்லா!" லாக்கர் அசையவில்லை. பிரியாணி, குழைந்த சோறு, வெறும் அப்பளம், எதுவும் நடக்கவில்லை. "சரி, இங்க ஒண்ணும் நடக்காது. நாளைக்கு எங்கூட வரட்டும்" என்று பையில் எஸ்தரின் கவுன்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

அம்மணி சமையலறையிலிருந்து தட்டைக் கொண்டுவந்தாள். தக்காளி ரசம் இரத்தமாக, அவரைக்காய் தவளையாக, எள் பேனாக, ஜவ்வரிசி கல்மழையாக, கறிவேப்பிலைப் பொடி சாதம் காரிருளாக, நடுவில் செங்கடல் சிவந்து ஆவி பறக்க. அவள் நடந்த வேகத்தில் கடலில் அலை எழுந்தது.

"கிறிஸ்மஸ் அன்னைக்கு யாராவது யாத்திராகமம் நடத்துவாவளா?" என்றார் மாமியார். அதற்குள் கிரீடத்தோடு ஓனர் உள்ளே வந்துவிட்டிருந்தார்.

"என் ஜனங்களைப் போகவிடு!" என்றாள் அம்மணி. தட்டை மேசையில் வைத்துவிட்டுத் துடைப்பக் குச்சியை ஊன்றினாள்.

ஓனர் நெஞ்சை நிமிர்த்தினார், கண்ணை உருட்டினார். அப்புறம் எஸ்தரின் குச்சிக் கையைப் பார்த்துவிட்டார். "போங்க சாமி" என்றார். "பத்தரமாப் போயிட்டு வாங்க."

எஸ்தர் திகைத்தாள். "அப்புச்சி தப்பாச் சொல்றாங்க" என்று ஓனரைக் காட்டிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அம்மணி சுவரில் சாய்ந்தாள்.

அப்போதுதான் மாமியாருக்குள் ஏதோ வெடித்தது. ஞாயிறு பள்ளியில் காலம்காலமாகப் பாடம் நடத்தியவர் காதில், கர்த்தருடைய வசனம் இப்படிக் கெட்டுப்போவதைத் தாங்கமுடியவில்லை. "வே! பார்வோன் அப்படியா சொன்னான்? யாத்திராகமம் படிச்சிருக்கீரா நீரு?"

"இல்லீங்க."

"கொண்டாரும் அத!" கிரீடத்தைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். கவுன் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு குரல் கொடுத்தார்: "விட மாட்டேன்! ஒருத்தரும் போவக் கூடாது!"

படுக்கையறைக் கதவு திறந்து மகன் பதறி வெளியே வந்தார். எஸ்தரின் வாயும் திறந்தது. இரத்தம் உள்ளே போனது.

"விட மாட்டேன்!" தவளை போனது. "முடியாதுன்னா முடியாது!" பேன், கல்மழை எல்லாம் போயின. குழந்தையின் கண்கள் இப்படி ஒரு பார்வோனைக் கண்டதில்லை. அடுத்ததற்காக முன்பே வாயைத் திறந்துவைத்துக்கொண்டாள். காரிருளை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மூச்சு வாங்க மாமியார் தட்டைப் பார்த்தார். "கடைசி வாதை எங்கட்டி?"

பத்தாவது வாதையில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் எல்லாம் சாகும். அதற்குப் பிறகுதான் பார்வோன் விடுவான். தட்டில் அதற்கென்று எதுவும் இல்லை.

"அதுக்கு மட்டும் நான் ஒண்ணும் சமைக்கலீங்க அத்தை" என்றாள் அம்மணி, தரையைப் பார்த்தபடி.

இத்தனை ஒத்திகையில் நாங்கள் இந்த இடத்துக்கு வந்ததே இல்லை. எங்கள் பார்வோன் முதல் வரியிலேயே விட்டுவிடுகிறவர்.

"ஆச்சி, எப்ப விடுவீங்க?" என்றாள் எஸ்தர். கடல் அவளுக்காக ஆறிக்கொண்டிருந்தது.

மாமியாருக்கு உண்மையிலேயே புரியவில்லை. முகம் குழம்பியது. "அந்த வாதை இல்லாம எப்படி விடுதது?" என்று எங்களையே கேட்டார்.

மூலையிலிருந்து ஓனர் மெதுவாகச் சொன்னார்: "சும்மாவே விட்டுறலாமுங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

மாமியார் அவரைப் பார்த்தார். துடைப்பக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்ற மருமகளைப் பார்த்தார். மடியிலிருந்த கவுன் பையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"போ பிள்ள" என்றார். "ஒங்க அம்மை கூடவே போ."

எஸ்தர் கடலைப் பிளந்தாள். உதடு, கன்னம், மூக்கு எல்லாம் சிவக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தின்று ஏறினாள்.

மறுநாள் மாமியார் தனியாகவே பஸ் ஏறினார். போகும்போது மருமகளிடம், "பீட்ரூட்டுல தேங்கா கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னார். வழியனுப்பிவிட்டு வந்த அம்மணி கீழ்ப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையில் அட்டையும் இல்லை, கத்தரியும் இல்லை. அவள் கைகளைச் சும்மா பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் முறை.

"நீ சாப்புட்டியா அம்மணி?" என்றார் ஓனரம்மா.

"தெரியலீங்களே அக்கா" என்றாள்.

ஓனரம்மா உள்ளே போய் ஒரு தட்டில் சோறும் ரசமும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் சோறு, வெறும் ரசம். அம்மணி பிசைந்து, குனிந்து, தின்னத் தொடங்கினாள். அவள் கை கழுவும்வரை, வாசலில் நின்றிருந்த நாலு வீட்டாரில் யாரும் உள்ளே போகவில்லை.