சுண்ணாம்பு மலையில் நாலு ஷூ

விண்ணப்பப் படிவங்களில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கோடு விட்டிருப்பார்களே, அந்தக் கோட்டில் இதுவரை யாரும் உண்மையை எழுதியதில்லை என்பது என் கட்சி. நானும் எழுதவில்லை. கொட்டை எழுத்தில் ‘மலையேற்றம்’ என்று எழுதினேன்.

நான் பிறந்து வளர்ந்தது குத்தம்பாக்கம். எங்கள் ஊரில் உயரமான இடம் ஏரிக்கரைதான். அதை விட்டால் அம்பத்தூர் ஸ்டேஷன் நடைமேம்பாலம். (அதிலேயே பாதியில் நின்று மூச்சு வாங்குவேன், அது வேறு விஷயம்.) மலை என்று நான் கால் வைத்தது ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு திருத்தணி. முந்நூற்று அறுபத்தைந்து படி, நடுநடுவே உட்கார்ந்து நீர்மோர். அதுவும் மலைதானே, நானும் ஏறுகிறேன்தானே என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆய்வுப் பிரிவில் இருந்தேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு கூடினாலும் ‘ரிஜெக்ட்’ என்று தூக்கிப் போடுகிற வேலை. புது மெஷினுக்குப் பயிற்சி எடுக்க இரண்டு பேரை மலேசியாவுக்கு அனுப்பினார்கள். ஒருவர் மெயின்டனன்ஸ் தனசேகர் அண்ணன், கரையான்சாவடிக்காரர். இன்னொருவர் நான். எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்புவது அதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: “அங்கேர்ந்து உன்னைப் பத்தி நல்ல ரிப்போர்ட் வந்தா அடுத்து செல்வியை அனுப்பறேன். இல்லேன்னா பழையபடி ஆம்பளைங்களையே அனுப்பிக்கறேன்.”

செல்வி என் பக்கத்து மேசை. என் டிக்கெட் வருவதற்கு முன்னாலேயே பாஸ்போர்ட் எடுத்து, அதற்கு உறை வேறு தைத்து வைத்திருந்தாள். அந்த உறையில் பூப்போட்டிருந்தது. அது என் கண்ணிலேயே நின்றது.

அங்கே எங்களுக்குப் பயிற்சி கொடுத்து ரிப்போர்ட்டும் எழுத வேண்டியவர் பரமு அக்கா. அந்த ஊர்த் தமிழர், ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, சனி ஞாயிறு என்றால் மலைதான். பயிற்சிக்காக நான் நிரப்பி அனுப்பியிருந்த படிவத்தைப் படித்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “மலை ஏறுவியா! அப்ப ஞாயித்துக்கிழம போறோம் லா!” (அந்த ஊரில் பாதிப் பேச்சு ‘லா’வில்தான் முடியும்.)

பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட வனப் பூங்கா ஒன்று இருந்தது. முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று சிகரங்கள். சுண்ணாம்பு என்று காதில் விழுந்ததும் என் மனசு குளிர்ந்துவிட்டது. சுண்ணாம்பு என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று வெற்றிலைக்குத் தடவுவது, இன்னொன்று பொங்கலுக்குச் சுவரில் அடிப்பது. தொட்டால் உதிரும், மெத்தென்று இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு காலை அக்கா எங்கள் இருவருக்கும் முரட்டு ஷூ கொண்டுவந்து மாட்டிவிட்டார். அடிவாரத்தில் இறங்கியதும், “ரெண்டு பேரும் மெதுவா நடங்க. நான் ஆபீஸ்ல பேர் எழுதிட்டுப் பின்னாடியே வர்றேன்” என்று போனார்.

காட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்னக் கல். அதற்கு மஞ்சள் துணி சுற்றி, ஊதுபத்தி வைத்திருந்தார்கள். என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கால் தானாக ஷூவைக் கழற்றியது.

“இன்னா சுமதி, கயட்டிக்கினு நிக்கிற?” என்றார் தனசேகர் அண்ணன்.

“மலைன்னா கழட்டிட்டுத்தான் அண்ணே ஏறணும்.”

“அப்டியா? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படி.” (அவரும் என் படிவத்தைப் படித்திருந்தார்.)

அவரும் கழற்றினார். கழற்றியதோடு விட்டாரா? கோயிலுக்கு வந்தவர் செய்கிற அத்தனை முன்ஜாக்கிரதையும் செய்தார். “ஜோடியா வுட்டா எவனாச்சும் அமுக்கிக்கினு போய்டுவான்” என்று சொல்லி, நாலு ஷூவையும் நாலு புதருக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்தார். நானும் பாராட்டினேன்.

முதல் அரை மணி நேரம் ஈர மண், இலைச் சருகு. சொர்க்கம். அதற்குப் பிறகு மண் முடிந்து பாறை ஆரம்பித்தது. வெள்ளையும் இல்லை, மெத்தென்றும் இல்லை. சாம்பல் நிறத்தில், மழை அரித்து அரித்து, ஒவ்வொரு விளிம்பும் கத்தியாக நின்றது. கடைசலில் இருந்து வரும் இரும்பில் ஓரமெல்லாம் கூராக நீட்டிக்கொண்டிருக்கும், அதை ‘பர்’ என்போம், அரம் போட்டு எடுத்த பிறகுதான் பொருளைத் தொடுவோம். இந்த மலைக்கு யாரும் பர் எடுத்திருக்கவில்லை. என் கையில் வந்திருந்தால் மலையையே ரிஜெக்ட் செய்திருப்பேன்.

“ஐயோ அம்மா! இது இன்னா கல்லா, பிளேடா?” என்று அண்ணன் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தபோது பரமு அக்கா வந்து சேர்ந்தார். எங்கள் காலைப் பார்த்தார்.

“சப்பாத்து எங்கம்மா?” ஷூவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. எனக்கு அந்தப் பூப்போட்ட உறைதான் கண்ணில் நின்றது. படிவத்தில் பொய் எழுதினவள் என்று தெரிந்தால் ரிப்போர்ட் என்ன ஆகும்? அளவு பார்க்கிறவள் பொய் சொல்லலாமா? அதனால் இன்னொரு பொய் சொன்னேன்.

“எங்க ஊர்ல வெறுங்காலோடதான்க்கா ஏறுவோம்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் கொஞ்சம் பயம், நிறைய மரியாதை. “மூணு சிகரமும்?”

“ஒண்ணு போதும்க்கா. மீதி உங்களுக்காக விட்டுத் தர்றேன்.”

துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டேன். அண்ணன் தன் துண்டைக் கிழித்துக்கொண்டார். கிழிக்கும்போது என்னைத்தான் நினைத்துக்கொண்டு கிழித்தார் என்பது சத்தத்திலேயே தெரிந்தது. அதற்குமேல் நாங்கள் ஏறியதை நடை என்று சொல்ல முடியாது. கை, முழங்கால், முழங்கை, உட்காரும் இடம் என்று உடம்பில் எது எது வளையுமோ அத்தனையையும் பயன்படுத்தினேன். திருத்தணி முருகனைத் தமிழில் கூப்பிட்டேன். அவர் இவ்வளவு தூரம் வருவாரா என்று சந்தேகம் வந்ததும், கீழே மஞ்சள் துணியில் இருந்தவரையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.

ஆனால் ஏறிவிட்டேன். இதை மட்டும் நான் எங்கேயும் குறைத்துச் சொல்ல மாட்டேன். உச்சியில் நின்று பார்த்தால் கீழே காடு, அதற்கப்புறம் கடல், நடுவே பல் பல்லாக மற்ற சிகரங்கள். ஏரிக்கரையையும் திருத்தணிப் படியையும் தாண்டி உயரம் பார்க்காத பெண் அங்கே நின்றேன். அழுதேன். அக்கா போட்டோ எடுத்தார்.

அழுது முடிப்பதற்குள் கீழேயிருந்து மூன்று வனக்காவலர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கழுத்தில் எங்கள் நாலு ஷூவும் மாலையாகத் தொங்கின. மற்ற இருவர் கையில் ஸ்ட்ரெச்சர். ரோந்து போனவர் கண்ணில் ஒரு புதரில் ஒரு ஷூ, பத்தடி தள்ளி இன்னொன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று பட்டிருக்கிறது. ஏதோ மிருகம் இரண்டு வெளிநாட்டுக்காரர்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று முடிவு கட்டி, மிச்சம் மீதி இருந்தால் எடுத்து வரலாம் என்று ஓடி வந்திருக்கிறார்கள். அவர்கள் மலாயில் சொல்லச் சொல்ல அக்காவின் முகம் மாறியது.

“சப்பாத்தை ஏன் நாலு இடத்துல ஒளிச்சு வச்சீங்க?”

“திருடு போய்டும்னுதான்க்கா.”

“உண்மையச் சொல்லு. ஊர்ல எந்த மலை ஏறுவே?”

“திருத்தணி அக்கா. படிக்கட்டு.”

“மேலயே வண்டி போவும் மேடம். ரோடு கீது” என்றார் அண்ணன். (அதை இப்போது யார் கேட்டார்கள்?)

அக்கா என் பக்கமே திரும்பிக் கேட்டார்: “அப்ப அளவுலயும் இப்படித்தான் எழுதுவியா?”

“செத்தாலும் மாட்டேன்க்கா.” அழுகையோடுதான் சொன்னேன். ஆனால் அன்று காலையிலிருந்து நான் சொன்னதில் துணிந்து சொன்ன உண்மை அதுதான்.

அக்கா என் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். பாறையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விவரத்தைக் காவலர்களுக்குச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தார். ஸ்ட்ரெச்சரில் யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் தனசேகர் அண்ணன் ஏறிப் படுத்துவிட்டார். நான் ஷூவை மாட்டிக்கொண்டு நடந்தே இறங்கினேன்.

ரிப்போர்ட் நாங்கள் ஊர் வந்த மறுவாரம் வந்தது. மேனேஜர் படித்துக் காட்டினார். ‘அளவு பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை. மலையேற்றம் தெரியாது, இருந்தும் ஏறினார். அடுத்த பெண்ணை அனுப்பவும். அவரிடம் ஷூவைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பவும்.’

அடுத்த வருஷமே செல்வி போனாள். அவளுக்குப் பின் ஒவ்வொரு வருஷமும் எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தியாவது போகிறாள். போகிற எல்லோரும் பொழுதுபோக்கு என்ற கோட்டில் ‘டி.வி. பார்ப்பது’ என்றே எழுதுகிறார்கள். அது எங்கள் பிரிவில் எழுதப்படாத சட்டம்.

வீட்டில்தான் என்னை விடவே மாட்டார்கள். திருத்தணி அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினால், “ஒண்ண இங்க வுடும்மா, இன்னொண்ண அரக்கோணத்துல வுட்டுட்டு வரேன்” என்பான் என் மகன். அந்த உச்சிப் போட்டோவை என் அப்பா, எங்கள் நைனா, பெரிதாக்கி வாசலுக்கு நேராக மாட்டியிருக்கிறார். ஊரான் நிலத்தில் நாற்று நட்டவர், பிறகு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்றவர். கேஸ் சிலிண்டர் போட வருகிறவரைக்கூட நிறுத்தி வைத்து, “எம் பொண்ணு, வெறுங்காலோட ஏறிக்கீது” என்று காட்டுவார்.

போன வாரம் பொறுக்க முடியாமல் சொன்னேன்: “நைனா, ஷூ இருந்துச்சு. நான்தான் புத்தி கெட்டுப் போய் கழட்டி வெச்சேன்.”

“தெரியும்மா, தனசேகரு எப்பவோ சொல்ட்டான்” என்றார் நைனா, போட்டோவைத் துடைத்தபடியே. “ஷூ கீய கெடந்துச்சு. நீ மேல கீற. நான் சொல்றதுல இன்னா தப்பு?”