கானிமுக்குத் தெள்ளு மருந்து போட்ட வகையில்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய அக்கா சூராகான் அவர்களுக்கு, கரகோலிலிருந்து தங்கள் தம்பி எசென்குல் பணிவோடு எழுதுவது. தாங்களும் மகளும் மருமகனும் புதிதாகப் பிறந்திருக்கும் பேரனும் பிஷ்கெக் வெயிலில் வாடாமல் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். உயிர்களும் கால்நடைகளும் நலமா என்று கேட்பது நம் மரபு. இங்கே உயிர்கள் இரண்டும், அதாவது நானும் என் மனைவி துர்சுனாயும், நலம். கால்நடைகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் நான் "கானிமுக்கு" என்று வாயெடுத்ததுமே தாங்கள் அழத் தொடங்குவீர்கள், மிச்சம் முழுவதும் மருமகன் காதில்தான் விழும். ஆகவே எழுத்து. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூனை உயிரோடு இருக்கிறது. இந்த நிமிஷம் என் வெள்ளைக் கம்பளித் தொப்பிக்குள் சுருண்டு படுத்திருக்கிறது. தொப்பியைக் கீழே வைப்பதே மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும், அதற்குள் பூனையைப் படுக்க வைப்பது அதைவிடக் குறைவு என்றும் தெரியும். ஆனால் நடந்ததைக் கேட்டால் நீயே உன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுப்பாய். (தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனிமேல் நீதான்.)

நீ மகள் பிரசவத்துக்குக் கிளம்பும்போது சொன்னபடி, ரிஸ்பெக் தன் வாடகைக் காரில் நாரினில் உன் வீட்டிலிருந்து கானிமை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினான். பெட்டியைத் திறந்ததும் அவள் வெளியே வந்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நேரே அக்தோஷ் படுத்திருந்த இடத்துக்குப் போனாள். எங்கள் அக்தோஷை உனக்குத் தெரியும். ஓநாயை எதிர்த்து நின்ற வேட்டை நாய், இன்றைக்கும் தபால்காரர் அவனுக்குப் பயந்து கடிதத்தை வேலிக்கு மேலே வீசிவிட்டுப் போகிறார். அந்த அக்தோஷ் அவளை ஒரு பார்வை பார்த்தான், எழுந்தான், தன் சாக்கை அவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வெறுந்தரையில் போய்ப் படுத்தான். துர்சுனாய் என்னிடம், "ஒரு பொம்பளைக்கு எழுந்து எடங்கொடுக்கிறது எப்படின்னு அவன்கிட்ட கத்துக்கோங்க" என்றாள். எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது.

சில நாளில் அக்தோஷ் சொறிய ஆரம்பித்தான். பிறகு பூனை. பிறகு நான். தெள்ளுப்பூச்சி உன் பூனையோடுதான் வந்தது என்று நான் சொல்லவில்லை அக்கா. துர்சுனாய் சொல்கிறாள். நான் கண்டித்தேன், அவள் கேட்கவில்லை.

ஒரு தெள்ளைப் பிடித்துக் கண்ணாடி டம்ளருக்குள் போட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வேலைக்காலம் முழுக்க வானிலை நிலையத்தில் உட்கார்ந்து காற்றையும் பனியையும் அளந்தவன் நான். காற்றுக்கு ஒரு வேகம் உண்டு, மழைக்கு ஓர் அளவு உண்டு. இது அப்படியில்லை. டம்ளரின் அடியில் இருந்தது, அடுத்து விளிம்பில் இருந்தது. நடுவே ஒன்றுமே நடக்கவில்லை. கடுகில் பாதி இல்லாத உடம்பு, அதற்குள் இப்படி ஒரு வில்லை வளைத்து வைத்தவன் யாரென்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"பாத்தது போதும், நசுக்குங்க" என்றாள் துர்சுனாய்.

"இரு, இன்னொரு தடவ குதிக்கட்டும்."

"குதிச்சு என் பாவாடைக்குள்ள போவும். அப்புறம் நான் குதிப்பேன், அதையும் கண்ணாடி வச்சுப் பாருங்க."

அது குதித்தது. எங்கே போனது என்று எழுத விரும்பவில்லை.

வைத்தியம் தொடங்கியது. நம் கால்நடை டாக்டர் டூலத் கோடை மேய்ச்சலில் இருக்கும் ஆடுகளுக்கு ஊசி போட மலைக்குப் போயிருந்தார். ஆளைப் பிடிக்க முடியாது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று முதலில் அர்ச்சா மரக் கிளையைக் கொளுத்தி வீடெங்கும் புகை காட்டினேன். புகையில் தெள்ளு போகவில்லை, நாங்கள்தான் போனோம். வாசலில் இருமிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டு கிளாவ்தியா வீடு எரிகிறது என்று நினைத்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து ஜன்னல் வழியாக வீசினாள். அது விருந்தாளிகளுக்காக அடுக்கி வைத்திருந்த மெத்தை அடுக்கின் மேல் போய் விழுந்தது. விவரம் சொன்னதும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தெள்ளுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாதுப்பா, நாங்க சுத்தமா இருக்கோம்" என்று சொல்லி, தார் சோப்பு ஒன்று கொடுத்தாள். அதைப் போட்டு அக்தோஷைக் குளிப்பாட்டினேன். அவன் பாதி நுரையோடு தப்பித்து, காயப்போட்ட மெத்தைகள் அத்தனையின் மேலும் ஒருமுறை புரண்டு, தெருவுக்கு ஓடிவிட்டான். புதிதாகப் போட்ட ரோடு ஒன்று நாலு காலில் ஓடுவது போல வாசனை வந்தது. தெள்ளு மட்டும் அப்படியே இருந்தது. நான் இன்னும் வியந்தேன்.

அடுத்த நாள் சந்தைப் பக்கம் இருக்கும் கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டு வேண்டாம், காசு கொடுத்தால் கொடுப்பார்கள். கடையில் ஒரு இளம்பெண் இருந்தாள்.

"எதுக்கு மருந்து தாத்தா?"

பின்னால் குதிரைக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பூனைக்கு என்று சொல்ல வாய் வரவில்லை அக்கா. "நாய்க்கு. வேட்டை நாய்க்கு" என்றேன். அவள் பிடரியில் விடும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து, "பெரிய நாய்க்கானது, ஒரு குப்பி அப்படியே விட்டுருங்க" என்றாள். பொட்டலத்தில் எழுத்து, தெள்ளை விடச் சிறியது. மூக்குக் கண்ணாடி வீட்டில் இருந்தது. ஆனால் ஒரு படம் தெளிவாக இருந்தது: ஒரு பூனை, அதன் மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மருந்து போட்ட நாயின் பக்கத்தில் பூனை வந்தால் நாய் கடித்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள் என எடுத்துக்கொண்டேன். அக்தோஷ் கடிக்க மாட்டான் என்பதால் கவலைப்படவில்லை. குப்பியில் பெரும்பகுதியை அவன் பிடரியில் விட்டேன். அடியில் மிச்சம் இருந்ததை வீணாக்குவானேன் என்று பூனையின் கழுத்தில் விட்டேன்.

இங்கே கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள் அக்கா.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் காது துடிக்க ஆரம்பித்தது. தெள்ளு ஓடுகிறது, மருந்து வேலை செய்கிறது என்று நான் மகிழ்ந்தேன். பிறகு கால்கள் நடுங்கின. வாயில் நுரை வந்தது. நடக்கப் பார்த்துச் சரிந்தாள். அக்தோஷ் அவளை முகர முகரச் சுற்றி வந்து, என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டான். அவன் அப்படி ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. துர்சுனாய் பொட்டலத்தைப் பிடுங்கி என் மூக்குக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டு படித்தாள். படித்து முடித்ததும் அவள் என்னைத் திட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அத்தான் கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபோது அந்தப் பூனை அவர் நெஞ்சின் மேலேயே படுத்திருந்தது என்று நீ சொன்னாயே, அவர் போன பிறகு வீட்டில் நீ பேசுவதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று சொன்னாயே, அதெல்லாம் என் தலைக்குள் வந்து நின்றது. கடைக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பதறிப்போய் டூலத்தின் எண்ணைக் கொடுத்தாள், "மலைல சிக்னல் கெடைக்காது தாத்தா, கெடைச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றாள். அடித்தேன். எடுத்துவிட்டார். மனைவியோடு பேசுவதற்காக அப்போதுதான் குதிரையில் மேட்டு உச்சிக்கு ஏறியிருந்தாராம். இதை நீ என்னவென்று சொல்வாய்?

"யாரு? சத்தமா பேசுங்க, ஆடு கத்துது."

"எசென்குல். வானிலை எசென்குல். பூனைக்கு நாய் மருந்து போட்டுட்டேன்."

அவர் ஆடுகளை அதட்டுவது கேட்டது.

"பெரியவரே, நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துன்னா நான் எதுக்கு அத்தன வருஷம் படிச்சேன்? சரி, கேளுங்க. பாத்திரம் கழுவுற சோப்பு இருக்கா? வெதுவெதுன்னு தண்ணி வச்சு கழுத்து, முதுகெல்லாம் நல்லாக் கழுவுங்க. சுடுதண்ணி கூடாது. மறுபடி மறுபடி கழுவுங்க. தொடச்சு, சூடா போர்த்தி, இருட்டா வைங்க. வாயில பால், எண்ணெய், எதையும் ஊத்தாதீங்க. நக்க விடாதீங்க. நாயைக் கிட்ட விடாதீங்க. நான் வர்றேன்."

"ஊசிக்கு நிக்கிற ஆடுங்க?"

"ஆடு எங்கயும் போகாது. பூனை போயிரும்."

இந்த இடத்தில் துர்சுனாயைப் பற்றி எழுத வேண்டும். உனக்கும் அவளுக்கும் ஆகாது, அது எனக்குத் தெரியும். பூனையைச் சமையலறைப் பக்கமே விடாதவள் அவள். அவள் முழங்கை வரை சட்டைக் கையைச் சுருட்டி, நடுங்குகிற அந்த உடம்பை மடியில் போட்டுக் கழுவினாள். பூனை அவள் மணிக்கட்டைக் கீறிக் கிழித்தது. "கீறு, கீறு. கீறத் தெம்பிருக்குல்ல, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே கழுவினாள். பிறகு பெட்டியைத் திறந்து, எங்கள் கல்யாணத்துக்கு அவள் அம்மா போர்த்திய ஆட்டு ரோமச் சால்வையை எடுத்தாள். அந்தச் சால்வையை எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவள் தொட விட்டதில்லை. அதில் பூனையைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தரம் பூனை விறைத்தது. துர்சுனாய் அதன் காதில், "நீ அவரு நெஞ்சுல படுத்திருந்தவ. என் நெஞ்சுல செத்துறாத" என்றாள். இத்தனை வருஷம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தும் இப்படி ஒருத்தி என் வீட்டில் இருப்பது எனக்குத் தெரியாது அக்கா.

வெயில் சாய்வதற்குள் டூலத் வந்துவிட்டார். பாதித் தூரம் குதிரை, மீதித் தூரம் யாரோ ஒருவருடைய வைக்கோல் லாரி. தலையெல்லாம் வைக்கோல். பூனையைப் பார்த்தார், ஓர் ஊசி போட்டார், பக்கத்திலேயே உட்கார்ந்தார். நாங்கள் தேநீர் வைத்தோம், அவர் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. அவள் கண்ணைத் திறந்து எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தாள். யார் செய்த வேலை இது என்று விசாரிக்க வந்த ராணி மாதிரி. பார்வை என் மேல் வந்து நின்றது. நான் என் தொப்பியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"கழுவுனது யாரு?" என்று டூலத் கேட்டார்.

"நான்தான்" என்றாள் துர்சுனாய்.

"அந்தக் கழுவல்தான் காப்பாத்துச்சு. ஊசி அப்புறம்தான்." பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, கடைல வாங்குறது தப்பில்ல. எல்லாத்துக்கும் நான் மலையிலேந்து எறங்கி வர முடியாது. ஆனா எந்த மிருகம்னு சொல்லி வாங்குங்க, வெக்கப்படாதீங்க. இவளுக்கு இப்போதைக்கு எந்த மருந்தும் வேணாம். பேன் சீப்பால தெனமும் வாருங்க, வர்ற தெள்ளைச் சோப்புத் தண்ணில போடுங்க. அதுல விழுந்தா குதிக்க முடியாது. அப்புறம் இன்னொண்ணு. உங்க தெள்ளுல பெரும்பகுதி மிருகத்து மேல இல்ல. முட்டையும் புழுவுமா மெத்தைல, கம்பளத்துல, தரை இடுக்குல இருக்கு."

அதாவது எங்களோடு படுத்து எழுந்துகொண்டிருந்தது. மறுநாள் முதல் வீட்டிலிருந்த துணி அனைத்தையும் கொதிநீரில் போட்டோம், கம்பளங்களை வெயிலில் தொங்கவிட்டு அடித்தோம், தரையிடுக்கை எல்லாம் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்தோம். வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ கம்பளம் அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கிளாவ்தியா. "சும்மா, தூசி" என்றாள். அவள் காலைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

இப்போது வீட்டில் தெள்ளு இல்லை. சீப்பில் வருவது முடி மட்டும்தான். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், அக்தோஷ் மறுபடியும் வெறுந்தரையில் படுக்கிறான். நீ என்மேல் கோபப்படு, அது நியாயம். ஆனால் துர்சுனாய்க்கு ஒரு வார்த்தை எழுது. பேரனுக்கு நாற்பது கரண்டி நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் நாளுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், உன் பூனையை உன் மடியிலேயே கொண்டுவந்து வைக்கிறோம். குழந்தையின் வயது நீளட்டும், கால் உறுதியாகட்டும், அவன் ஏறும் குதிரைகள் இடறாமல் இருக்கட்டும். இரு கையால் முகத்தைத் தடவி, ஆமென் சொல்லி முடிக்கிறேன்.

உன் தம்பி,
எசென்குல்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து முடித்த நேரம், அதை வாங்கிப்போக ரிஸ்பெக் வந்தான். தொப்பிக்குள் இருந்தவளைப் பார்த்ததும் முகம் வெளுத்து, கேட்காமலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். வரும் வழியில் கோச்கோரில் சாப்பிட நிறுத்தினானாம். ஒரு துண்டு கறி போடலாமென்று பெட்டியைத் திறந்ததும் கானிம் பாய்ந்து ஓடிவிட்டாளாம். தேடியும் கிடைக்காமல், "அக்கா என்னக் கொன்னுருவாங்களேன்னு பயந்துட்டேன் அண்ணே" என்று, சாப்பாட்டுக்கடைப் பின்வாசலில் படுத்திருந்த அதே நிறத்துப் பூனை ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். நான் கானிமைக் குட்டியில் பார்த்ததோடு சரி, எனக்கு எப்படித் தெரியும்? ஆகவே மேலே கானிம் என்றும் உன் பூனை என்றும் எழுதிய இடமெல்லாம் யாரோ ஒரு பூனை என்று திருத்திப் படித்துக்கொள். தெள்ளு விஷயத்தில் உன் பூனைமேல் பழி இல்லை, துர்சுனாய் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கானிம் மறுநாளே அந்தக் கடைக்குத் திரும்பி வந்துவிட்டாளாம். கல்லா மேசைமேல் உட்கார்ந்து கறிக்கொழுப்புத் தின்று பெருத்திருக்கிறாளாம், ரிஸ்பெக் போகவரப் பார்க்கிறானாம். ஊருக்குத் திரும்பும்போது வழியில் இறங்கி நீயே கூட்டிக்கொண்டு போ.

இவளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று ரிஸ்பெக் கேட்டான். துர்சுனாய் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு, "இவரோட அத்தான் பூனைன்னு நெனச்சுத்தான் அழுதேன். இப்ப யோசிச்சா இவளுக்காகத்தான் அழுதிருக்கேன். வண்டிய எடு" என்று சொல்லிவிட்டாள். பெயரும் வைத்துவிட்டாள். குணமான நாளிலிருந்து ராத்திரியில் படுக்கையின் நடுவில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் ஓரத்துக்குத் தள்ளுகிறாளே, அந்தப் பொருத்தம் பார்த்து வைத்த பெயர். கோபித்துக்கொள்ளாதே அக்கா, உன் பெயர்தான்.