குளவிக் கோட்டை காத்த படலம்

வாழ்க தரணேந்திரன்! சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதருக்குப் படம் விரித்துக் குடைபிடித்த நாகராசனின் பெயரைத் தாங்கியவன். வேர்க்கடலை மூட்டையையும் வெளிநாட்டுப் பக்தரையும் ஒரே நாளில் ஏற்றி இறக்கியவன். கீழ்பென்னாத்தூருக்கும் ரமணாசிரமத்துக்கும் இடையே லட்சம் முறை சக்கரம் உருட்டியும், தெரிந்து ஓர் எறும்பையும் நசுக்காதவன்! அவன் ஏறி நடத்திய வெண்களிறும் வாழ்க! ஏழு பேர் அமரத்தக்கதும், பன்னிரண்டு பேர் அமர்ந்ததும், பதினோரு பிராயம் கடந்ததுமாகிய அந்த எஸ்.யு.வி. வாழ்க!

மஞ்சள் போர்டு மாட்டி வாடகைக்கும் ஓடுகிற குடும்ப வண்டியாகையாலும், வயது ஏறிவிட்டதாகையாலும், ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் அமர்க்களம் புகுந்து, சாலையில் ஓடத் தகுதியுண்டு என்று சான்று பெற்று மீள்வது அக்களிற்றின் விதி. மீண்டதுண்டு, ஆனால் முதல் போரிலேயே மீண்டதில்லை. மூன்றாண்டுக்கு முன் வைப்பர் பாதிக் கண்ணாடியில் படுத்துக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு ஹேண்ட்பிரேக் கையோடு வந்தது. போன ஆண்டு இடது கண்விளக்கு, இன்ஸ்பெக்டரின் எதிரிலேயே கண்ணடித்து அணைந்தது.

இவ்வாண்டோ தோற்க வழியில்லை. பழைய சான்றின் ஆயுள் வெள்ளிக்கிழமையான இன்றோடு முடிகிறது. சனிக்கிழமை வந்தவாசியில் வளைகாப்பு; அது முடிந்ததும் ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் சுருதியைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். மைத்துனன் ஜினேந்திரனோ ஒரு மாதம் முன்புதான் புதுக் கார் வாங்கியவன். விடிந்ததும் விடியாததுமாகப் போனில் சங்கு முழக்கினான்.

"மாமா, எதுக்கும் என் வண்டிய கழுவி வெச்சிக்கிறேன். உங்க கெழட்டு யானை இந்த வருஷமும் திரும்பித்தான் வரும். சுருதிய நானே இட்டுன்னு வந்துடறேன்."

"உன் வண்டிய நீயே வெச்சிக்கடா. என் பொண்ணு என் வண்டியிலதான் வருவா!"

இவ்வஞ்சினம் கேட்டு அண்ணாமலை உச்சியில் ஒரு மேகம் கணநேரம் நின்றது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போனது.

களம் கண்டான் தரணேந்திரன். செங்கல் லாரிகள் மலையெனவும், பள்ளிக்கூட வேன்கள் மஞ்சட்கடலெனவும், ஆட்டோக்கள் வெட்டுக்கிளிப் படையெனவும் அணிவகுத்து நின்ற ஆர்.டி.ஓ. அலுவலகத் திடலின் நடுவே, வலக்கையில் டார்ச்சும் இடக்கையில் அட்டையில் செருகிய தாளுமாக, முகத்தில் முறுவல் என்பதே முளைக்காத பிரேக் இன்ஸ்பெக்டர் சக்கரபாணி உலவினார். மனைவி கனகலதா முன்சீட்டில் கண்மூடி நவகார மந்திரம் சொல்ல, களிறு முன்சென்றது. பிரேக் மிதித்தான், இட்ட கோட்டில் நின்றது. வைப்பர் வாள்போல் வீசியது. விளக்கிரண்டும் வெயிலையே நாணச் செய்தன. புகைச் சோதனைச் சீட்டிலும் குறையில்லை. வெற்றித் திருமகள் மாலையோடு பானெட்டின் மேலேயே ஏறி அமர்ந்துவிட்டாள் என்று அவன் நெஞ்சு விம்மிய அந்தக் கணத்தில்...

"ஹாரன்" என்றார் சக்கரபாணி.

அழுத்தினான். 'ம்ப்' என்றது. மீண்டும் அழுத்தினான். போர்வைக்குள் இருமியவன்போல் மீண்டும் 'ம்ப்' என்றது.

பானெட்டைத் தூக்கினால், அந்தோ! நத்தை வடிவ ஹாரனின் வாய்நிறைய, கொத்தனும் கரணையும் காணாத நேர்த்தியில், மண்ணுருண்டை மேல் மண்ணுருண்டை வைத்து ஒரு குளவி கோட்டை கட்டியிருந்தது! ஸ்குரூ டிரைவரை உருவினான் வீரன். ஓங்கினான்.

"என்னாங்க! கை வெக்காதீங்க!" கனகலதா கீழே குதித்துவிட்டாள். "குளவி கூடு கட்னா கொழந்த வரும்னு சொல்லுவாங்க. பொண்ணு வயித்துல சுமக்கறப்போ நீங்க கூட்ட ஒடைப்பீங்களா? உள்ள புழு வேற இருக்கும். உயிருங்க அது!"

ஓங்கிய கை காற்றிலேயே உறைந்தது. முன்னால் ஆணை, பின்னால் அறம்; ஒரு காதில் மைத்துனனின் சிரிப்பு, மறு காதில் பிறவாத பேரனின் அழுகை. எறும்புக்கு வண்டியை ஒடித்தவன் புழுவுக்குக் கை ஓங்குவானோ? கை தானாக இறங்கியது.

"அம்மா, எனக்குச் சத்தம் வேணும்" என்றார் சக்கரபாணி. "ஒரு மணிக்கு நான் கெளம்பிடுவேன். அதுக்குள்ள அடிச்சா கையெழுத்து. இல்லன்னா திங்கக்கெழம வாங்க."

மணி பன்னிரண்டு ஐம்பது. பத்து நிமிடங்கள்! திங்கட்கிழமைக்குள் சுருதி புதுக் காரில் வந்து இறங்கி, தாய்மாமன் பெருமையை ஊரே பாடி முடித்திருக்கும்.

அப்போதுதான், சற்றுமுன் சோதனையில் வென்று நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரன் வளவன் எழுந்தான்.

"அண்ணே, நான் பாஸாயிட்டேன். என் ஹாரன கழட்டிக்கோ. பேரன் பொறந்தா மட்டும் என் பேர வெய்யி."

"எங்க வீட்ல தீர்த்தங்கரர் பேருதாம்பா வெப்போம்" என்றாள் கனகலதா, அந்த நெருக்கடியிலும்.

திருகாணிகள் பறந்தன. ஒயர்கள் கைகோத்தன. பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு, கோட்டைக்கு ஒரு மண்துகளும் சேதமின்றிப் பக்கத்திலேயே புதுக்குரல் பொருத்தப்பட, அருகனை நினைந்து அழுத்தினான் தரணேந்திரன்.

"கீக்!"

திடலே குலுங்கிச் சிரித்தது.

"இன்னாய்யா இது, யானைக்கு எலிக் கொரலு?" என்று கூவினான் ஒரு லாரிக்காரன்.

"சத்தம் வருதுங்களா, இல்லீங்களா சார்?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டான் தரணேந்திரன்.

சக்கரபாணியின் மீசைக்கடியில் எதுவோ துடித்தது. "வருது" என்றார். கையெழுத்திட்டார்.

எட்டுத் திக்கும் முரசறைக! முதற்போரில் வென்றது வெண்களிறு. ஓருயிரும் மாளாமல் வென்றது! கனகலதா நனைந்த கண்களோடு மகளுக்குப் போன் போட்டு, "அப்பா வண்டிதான்டி வருது" என்று அறிவித்துக்கொண்டே நிழலுக்கு நகர்ந்தாள். தன் ஹாரனைக் கழற்றக் குனிந்த வளவன், குளவிக் கோட்டையின் பக்கவாட்டை விரலால் தடவிப் பார்த்தான். பென்சில் நுழையுமளவுக்கு அங்கே வட்டமாக ஓர் ஓட்டை.

"அண்ணே, காலி கூடுண்ணே இது. பூச்சி எப்பவோ பறந்து பூட்ச்சி."

தரணேந்திரன் மனைவி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்து மண்ணைச் சுரண்டிப் போட்டான்.