நாற்பது தூஜாவுக்கு மாரப்பனார் உரைத்த சூளுரை

மானத்தின் விலை, செடி ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய். கோவை மாநகரின் வடதிசைக் காவலாம் கணபதியிலே, இரும்பைப் பூவெனச் சீவும் கடைசல் பட்டறைக்கு அதிபதியும், பம்புசெட்டு சாஃப்ட்டில் மயிரிழை பிசகும் பொறாதவரும், சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்கில் பேரம் தொடங்கி எதிரியைத் தண்ணீர் குடிக்க வைப்பவருமான மாரப்பனார் வாழ்க! அவர் சட்டைப்பை நீங்காத வெர்னியர் அளவுகோலும் வாழ்க! அம்மானம் பட்ட பாட்டைப் பாடப் புகுந்தோம். வேலி காக்கும் தெய்வங்கள் துணை நிற்க.

கிணத்துக்கடவில் மகள் மோகனப்பிரியா கட்டும் புதுவீட்டின் முன்வேலி முழுவதும் தம் சீர் என்று, சம்பந்தி சென்னிமலையும் உற்றார் நூற்றுவரும் கேட்க, விருந்துப் பந்தியில் அவர் கர்ச்சித்திருந்தார். கள்ளியோ கம்பியோ அன்று. ஊட்டிக் குளிரைச் செதிலிலையில் மடித்து வைத்த, முப்பருவமும் பச்சை மாறாத தூஜாச் செடி. எண்ணிக்கை நாற்பது. கெடு, தை மாதப் புதுமனை புகுவிழா.

நர்சரியை ஆண்ட பழனியாத்தாள் நூற்றெண்பது என்றாள். வேந்தர் அறுபது என்றார்.

"அறுவதுக்கு மண்ணு வேணா ஒரு பை அள்ளித் தாரனுங்க."

அக்கணமே, வணிகர் குலம் கோடி முறை வீழ்ந்த மாபெரும் அஸ்திரத்தை அவர் தொடுத்தார்: வேண்டாமென்று திரும்பி நடத்தல். கூப்பிட்டால் கேட்கும் தூரம் கடவாத நிதான நடை. பத்தடி சென்றார், குரல் வரவில்லை. இருபதடியில் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார்; வரவில்லை. வாசலில் கடைக்கண் எறிந்தார். அவள் வேறொருவருக்கு ரோஜாச் செடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒத்தக் காசு குடுக்காம நாப்பதையும் நானே வளத்திக் காட்டறனா இல்லியான்னு பாருங்க!" என்று அவர் முழங்க, நர்சரியின் நிழல்வலை நடுங்கிற்று.

அண்டை வீட்டுச் சுரேந்தரின் தூஜா வேலியில், அவரிடம் கேட்டே, நாற்பது இளங்கிளைகளைச் சாண் நீளம் கொய்தார். அடியில் வேர்பிடிக்க வைக்கும் பொடி பூசி, தென்னைநார்த்தூள் நிறைந்த பைகளில் ஊன்றி, கண்ணாடிக் காகிதத்தால் கூடாரம் கவித்தார். பட்டறை வழக்கப்படி ஒன்று முதல் நாற்பது வரை பெயிண்டில் எண்ணும் இட்டார். ஆவணி பிறந்தது; போர் தொடங்கிற்று.

சோதிக்காத சரக்கைச் செய்த சரக்கென்று ஒப்பாத குலமல்லவா! நாள்தோறும் விடியலில் ஐந்து வீரரைப் பிடுங்கி, அடித்தண்டைத் துணியால் துடைத்து, வேர் விட்டதா என வெர்னியரால் அளந்து, மீண்டும் ஊன்றினார். ஆயினும் கூட்டுத்தொகை எட்டாகும் எண்ணுடைய வண்டியில்கூட ஏறாத விரதம் பூண்டவராதலின், எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து ஆகிய நால்வரை மட்டும் விரல்நுனியாலும் தீண்டாது விலக்கினார். அவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தவர் அவர் மனையாட்டி வள்ளியாத்தாள்.

"ஏனுங்க, தெனமும் புடுங்கிப் புடுங்கிப் பாத்தா அது எப்பங்க வேர் உடும்?"

"அம்மணி, செக் பண்ணாம ஒரு பீஸ்கூட நம்ம பட்டறைய உட்டுப் போனதில்ல."

"அது இரும்புங்க. பொறுத்துக்கும்."

அவ்வீரரோ வஞ்சகர். வேரின்றியே நான்கு திங்கள் பச்சைப் பட்டுடுத்தி நின்று, வென்றோம் என அவரை நம்பவைத்து, மார்கழி முதல் வாரத்தில் முப்பத்தாறு பேரும் ஒருசேரத் துரு நிறம் பூண்டு சாய்ந்தனர். களத்தில் நின்றோர், அந்தோ, அந்த நால்வரே! வள்ளியாத்தாள் ஒன்றைத் தூக்கிக் காட்ட, பையின் அடியைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேர் சேமியாப்போல் தொங்கிற்று.

சூளுரையோ ஒருபுறம் இழுத்தது. எட்டாம் எண்ணை மங்கல மனைக்குள் கொண்டுசெல்லும் பழியோ மறுபுறம் உலுக்கியது. இரண்டு நாள் அவர் சோறு இறங்காது தவித்தார். மூன்றாம் நாள் அம்மையார் தின்னர் நனைத்த துணியோடு வந்தார்.

"நம்பரைத் தொடச்சுப்போட்டனுங்க. இனி அது வெறும் செடி."

தை பிறந்தது. மேளம் முழங்க, குங்குமமிட்ட நான்கு சாண் உயரத் தூஜாக்கள் அல்ல, ஒவ்வொன்றும் ஒரு சாணே உயர்ந்த நான்கு தூஜாக்கள், தாம்பாளத்தில் அமர்ந்து, கார் ஏறி, கிணத்துக்கடவின் எல்லை புகுந்தன. நாற்பது குழிகள் வாய்பிளந்து வரவேற்றன. சம்பந்தி சென்னிமலை தாம்பாளத்தை நோக்கினார், சாலையை நோக்கினார்.

"ஏனுங்க சம்பந்தி, மீதி பின்னால லாரீல வருதுங்களா?"

மாரிபோல் வழங்கும் மாரப்பனாரின் திருக்கையிலிருந்து மகள் முன்வந்து தாம்பாளத்தை வாங்கினாள். "வந்தது போதுங்க மாமா. எங்கப்பா கையில வளத்தினதுங்க."

நான்கு செடியைக் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு, மீதி முப்பத்தாறு குழியை மூடிக் கம்பிவேலி போட்டுக்கொண்டார்கள்.