எட்டாம் ஹென்றி கெடுத்த சம்பந்தம்

பெண் பார்க்கப் போன இடத்தில் வரலாற்று ஆசிரியன் வாயைத் திறக்கக் கூடாது. பஜ்ஜி தின்பதற்கு மட்டும் திறக்கலாம். இது எனக்குக் காலம் கடந்துதான் தெரிந்தது.

நெய்வேலியில் அது எத்தனையாவது வீடு என்பது அம்மாவுக்கே மறந்துபோயிருந்தது. எல்லா வீட்டிலும் முதல் கேள்வி, “பெர்மனன்ட்டா, கான்ட்ராக்ட்டா?” தனியார் பள்ளி வாத்தியார் என்றதும் முகங்கள் சுருங்கும். (ஒரு வீட்டில் மிக்சர் தட்டே உள்ளே போய்விட்டது.)

இந்தக் குவார்ட்டர்ஸில் அப்படி இல்லை. பெண்ணின் அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட். ஆனாலும் அன்பாகப் பேசினார். ‘இதுவாவது அமையணும்’ என்று அம்மா மொட்டை வேறு வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கோ பரீட்சைத் தாள் திருத்திய களைப்பில் கண் சொருகியது.

“இப்ப என்ன பாடம் நடத்திக்கினு இருக்கீங்க தம்பி?”

“எட்டாம் ஹென்றிங்க. இங்கிலாந்து ராஜா. ஆறு கல்யாணம் பண்ணவரு.”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அரைத் தூக்கத்தில் அது உறைக்கவில்லை. வகுப்பில் நிற்கிற நினைப்பில் சொல்லிக்கொண்டே போனேன். இரண்டு பேரைத் தள்ளி வைத்தார், இரண்டு பேரின் தலையை வெட்டினார், ஒருத்தி பிள்ளை பெற்றுச் செத்தாள்.

பெண்ணின் அப்பா காபியைக் கீழே வைத்தார். “அப்ப ஒருத்திகூட பெர்மனன்ட் இல்லீங்களா?”

“ஆறாவது ராணி தப்பிச்சாங்க.”

கதவோரம் நின்ற பெண் முதன்முதலாக வாய் திறந்தாள். “எப்படிங்க தப்பிச்சாங்க?”

நல்ல கேள்வி வந்தால் எந்த வாத்தியாருக்குத்தான் உற்சாகம் வராது?

“புருஷன் சாவுல முந்திக்கிட்டாருங்க. அப்புறம் அவங்க சீக்கிரமே இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க.”

நாங்கள் கிளம்பினோம். வாசல்வரை வர யாரும் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மா சொன்னாள். “அடுத்த வூட்ல நீ கணக்கு வாத்தியாருடா. கணக்குல யாரும் கதை கேக்க மாட்டாங்க.”

அந்த அடுத்த வீட்டுப் பெண்தான் என் மனைவி. அவளிடம் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகு, ஹென்றி கதையோடு சேர்த்து, உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் உறவுக்காரர்கள் இன்னமும் என்னைக் கணக்கு வாத்தியார் என்றே நம்பி, பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். தினமும் பள்ளி முடிந்து வந்து, எனக்கே புரியாத பின்னங்களோடு மல்லுக்கட்டுகிறேன். அலுத்துவிட்டது, சார்.

என் மனைவி டீயை வைத்துவிட்டுப் பிள்ளைகள் எதிரிலேயே கேட்பாள்.

“கணக்கு சார், ஆறு பொண்டாட்டியில ரெண்டு பேரு தலை போச்சுன்னா, மீதி எத்தனைங்க?”

அந்த ஒரு கணக்குக்குத்தான் எனக்கு நிச்சயமாக விடை தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.