டக்கென்று கவ்விய மூவாயிரம் மூடிகள்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மூத்த மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் மகளும் பிள்ளைகளும் நலம். நான் நலத்துக்கும் ஒரு படி மேல்.

போன மாதம் உங்கள் காகிதக் கடையில், "பேசாம கல்லாவுல வந்து உக்காருங்க மாப்ளே, அந்த பிளாஸ்டிக்கெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்களே, அது இனி நடக்காது. எங்கள் பிளாஸ்டிக் பட்டறை மேஸ்திரிக்குக் காய்ச்சல். இன்று முழுக்க மெஷின் என் கையில். ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம் என்று முதலாளியே வாய்விட்டுச் சொன்னார்.

கேளுங்கள் மாமா, மேலே கூம்பில் பாலிப்ரொப்பிலீன் குருணையைக் கொட்டினால் அது சூடான குழாயில் உருகி, உள்ளே சுழலும் திருகு அதை இரும்பு அச்சுக்குள் தள்ளி, அச்சு ஆறித் திறந்ததும் சாப்பாட்டு டப்பாவின் மூடி பொத்தென்று விழ வேண்டும். எனக்கு விழுந்ததோ பாதி மூடி. சூட்டைக் கூட்டினேன், கருகல் வாடை. சூட்டைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றினேன், ஓரமெல்லாம் பிசிறு. அதையும் சரிக்கட்டி, பளபளவென்று விழுந்த மூடியைச் சூட்டோடு டப்பாவில் போட்டால் தொளதொள! முந்நூறு மூடி போட்டுப் பார்த்தேன், ஒன்றாவது கவ்வ வேண்டுமே! பெட்டி கட்டும் அக்கா, "மேஸ்திரி இதை இப்படியே பெட்டியில போடச் சொல்வாரே, தம்பி" என்றார். "மேஸ்திரிக்குத் தெரியாததும் நாலு இருக்குக்கா" என்று சொல்லி, முந்நூறையும் அரவையில் கொட்டி மறுபடி குருணையாக்கினேன். பிளாஸ்டிக்கில் அதுதான் சௌகரியம், உருக்கிவிட்டால் பழைய தப்பு தெரியாது. பிறகு அழுத்தத்தை இம்மி இம்மியாகக் குறைத்து, மூடியைக் கொஞ்சம் சிறிதாக்கினேன். விழுந்த மூடியை அந்தச் சூட்டோடு டப்பாவில் வைத்து அமுக்கினேன். டக்! மாமா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தி சாய்வதற்குள் மூவாயிரம் மூடி, அத்தனையும் டக், டக், டக். முதலாளி என் தோளில் தட்டினார்.

ஆகையால் கல்லாவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும். அத்தைக்கு என் நமஸ்காரம். இந்தக் கடிதத்தைச் சின்ன மாப்பிள்ளைக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
நிரந்தர ஊழியராகப் போகும் தங்கள் மருமகன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்குமுன் காலையில் எழுதுவது. மேஸ்திரி வந்துவிட்டார். சூட்டில் மூடி தொளதொளவென்றுதான் இருக்குமாம். ஒரு ராத்திரி ஆறிச் சுருங்கினால்தான் டப்பாவைக் கவ்வுமாம். நான் அரைத்துத் தள்ளிய முந்நூறும்தான் சரியான மூடிகளாம். இந்த மூவாயிரமும் சுருங்கி, எந்த டப்பாவிலும் ஏறமாட்டேன் என்கின்றன. டப்பா பெரிது என்பது என் கட்சி. முதலாளி எதிர்க்கட்சி. கடையைக் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், மாமா?