இறங்கக் கூடாத நிகழ்ச்சி

திங்கட்கிழமை காலை, வாயில் பிரஷோடு நின்றுகொண்டு நான் ஒரு சபதம் எடுத்தேன். தலை போனாலும் சரி, என் மனைவியின் போனில் அந்த நிகழ்ச்சி இறங்கக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை தாக்குப் பிடித்தால் போதும். அதற்கப்புறம் டிவிக்காரர்களே அதை ஆப்பிலிருந்து எடுத்துவிடுவார்கள். நானும் பிழைத்துக்கொள்வேன்.

என்ன நிகழ்ச்சி, எதற்குச் சபதம் என்று சொல்லாவிட்டால் உங்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சொல்கிறேன். உங்களோடு இருக்கட்டும்.

எனக்குத் தொழில் பல் செட் செய்வது. பல் டாக்டர் அச்சு எடுத்துக் கொடுப்பார். நான் ஆஸ்பத்திரியின் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து அதற்குப் பல் கட்டுவேன். போன மாதம் டாக்டருக்கு ஒரு டிவி நிகழ்ச்சியில் பார்வையாளராக உட்கார அழைப்பு வந்தது. அவருக்கு நேரமில்லை. என்னைத் தள்ளிவிட்டார். ‘வீட்டில் யார் சொல் செல்லும்?’ என்பது தலைப்பு. ஒரு பக்கம் கணவன்மார், எதிர்ப் பக்கம் மனைவிமார். நான் பாட்டுக்குக் கடைசி வரிசையில் ஏசி காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி நடத்துகிறவர் நேராக வந்து என் மூக்குக்குக் கீழே மைக்கை நீட்டினார்.

மைக் பொல்லாதது. வீட்டில் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட இரண்டு தடவை இருமிக் காட்டிவிட்டு நானே போய் எடுத்துக்கொள்கிறவன் நான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு எழுந்து நின்றேன்.

“எங்க வீட்டுல கடைசி முடிவு என்னோடதுதான். நான் கிழிச்ச கோட்டை என் சம்சாரம் தாண்டமாட்டா. நான் கண்ணைக் காட்டினாலே போதும்.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தச் சத்தத்தில் எனக்கே அது உண்மைதானோ என்று தோன்றிவிட்டது.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. அவசரமான பல் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். ஒளிபரப்பான அன்று நல்லவேளையாக அவள் கடைக்குக் கிளம்பிப் போனாள். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். என் முகம் வந்தது. பேசினேன். கை தட்டினார்கள். விளம்பரம் போட்டார்கள். அவள் திரும்பிவிடப் போகிறாளே என்று அதோடு டிவியை அணைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து தெருவிலும் ஆஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். தொழில் கோளாறு. யாராவது சிரித்தால் நான் பல்லைத்தான் பார்ப்பேன், சிரிப்பைப் பார்க்கமாட்டேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஞாயிற்றுக்கிழமை மாலை இடி விழுந்தது.

“என்னங்க, சனிக்கிழமை அக்கா ஊருக்குப் போறேன்ல? ரயில்ல பாதி வழிக்கு நெட்டே வராது. புருஷன் பெண்டாட்டி சண்டை போடற நிகழ்ச்சி ஒண்ணு வந்துச்சாமே, அதை என் போன்ல இறக்கிக் குடுங்களேன்.”

“எந்த நிகழ்ச்சி?”

“யாரோ ஒருத்தர் வாய் கிழியப் பேசினாராம். மாடி வீட்டம்மா சொன்னாங்க. வெள்ளிக்கிழமையோட எடுத்துடுவாங்களாம்.”

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்கு மூக்கு வழியாக வந்தது.

“பேர் சொன்னாங்களா?”

“யார் பேரு?”

“நிகழ்ச்சி பேரு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காய்ந்த துணியை மடிக்கப் போய்விட்டாள். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் காலை எடுத்ததுதான் அந்தச் சபதம்.

இவ்வளவு பயத்திலும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அந்த ஆப்தான் என் தைரியம். ரொம்ப நாளாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன். நான் ஆசைப்பட்டு இறக்கிய எதுவும் அதில் முழுசாக இறங்கியதே இல்லை. ஒரு தடவை காட்டு விலங்கு நிகழ்ச்சியை இறக்கினேன். பாம்பு ஒரு தவளையைக் கவ்வியது. அதோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும் தவளை அதே வாயில்தான் இருந்தது. பாட்டுப் போட்டியை இறக்கினேன். பாட்டு வந்தது, தீர்ப்பு வரவில்லை. ஒரு நாள், ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்றது. அந்த டிவி நிலையத்தின் கோபுரம் எங்கள் சமையலறை ஜன்னலில் தெரிகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டால்கூடக் கடைசியில், ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்’ என்று ஒரு வரி வந்து நிற்கும். எத்தனையோ நாள் அந்த வரியைப் பார்த்துப் பல்லைக் கடித்திருக்கிறேன். இந்த வாரம் அந்த வரியைத்தான் கடவுளாக நம்பியிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் போனை என் கையிலேயே கொடுத்து, தனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களே பண்ணுங்கள் என்றாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. எப்படியும் நின்றுவிடத்தானே போகிறது என்று அவள் கண் முன்னாலேயே தைரியமாக அமுக்கினேன்.

நூற்றுக்குப் பத்து என்றது. முப்பது என்றது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்ப்பதற்குள் அறுபது. வருடக்கணக்கில் நொண்டியடித்த ஆப், அன்றைக்குப் பார்த்துக் குதிரையாக ஓடுகிறது. நாற்காலியில் சரிந்து, கால் கட்டைவிரலால் நெட் பெட்டியின் ஒயரைத் தேடிப் பிடித்து இழுத்தேன்.

“என்னாச்சு?”

“நெட் போச்சு.”

“மாடி வீட்டுல இருக்கும். நான் போய் இறக்கிட்டு வந்துடறேன்” என்று போனோடு எழுந்தாள்.

“இரு இரு. பரண் ரொம்ப நாளா ஒரே தூசியா கிடக்கே. இன்னிக்கு இறக்கித் துடைச்சிடலாம்னு பார்த்தேன். எது வேணும் வேண்டாம்னு நீ பக்கத்துல இருந்து சொன்னாத்தானே ஆகும்?”

அவள் யோசித்தாள். உட்கார்ந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஏணி எடுத்தேன். நிகழ்ச்சி இறங்கவில்லை. பரணில் இருந்த அத்தனை சாமானும் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை நான் வேலையிலிருந்து வருவதற்குள் நெட் வந்திருந்தது. ஒயர் பிடுங்கிக் கிடந்ததாம். எலி வேலையாக இருக்கும் என்று என்னைப் பார்த்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். நான் உடனே மின்விசிறி இறக்கைகளில் அழுக்கு படிந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். மூன்று அறை மின்விசிறியையும் துடைத்து முடித்தேன். அவள் மறுபடி போனைத் தொட்டாள். நான் ஜன்னல் கம்பிகளுக்குத் தாவினேன். அவள் போனைக் கீழே வைத்தால்தான் நானும் கீழே இறங்குவது என்று ஆனது.

உடம்பு வலி பொறுக்க முடியாமல் புதன்கிழமை மூளையை உபயோகித்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

நான் கட்டும் ஒவ்வொரு பல் செட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். மேல் வரிசை, கீழ் வரிசை, பக்கவாட்டு, கடிக்கும் இடம் என்று கணக்கில்லாமல் இருக்கும். அத்தனையையும் அவள் போனில் கொண்டுபோய்க் கொட்டினேன். சாயங்காலம் அவள் இறக்கப் பார்த்தாள். ‘போனில் இடம் போதவில்லை’ என்றது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அவளுக்குச் சந்தேகம் வந்து படங்களைத் திறந்தாள். திறந்த இடமெல்லாம் பல். பக்கம் பக்கமாகப் பல். யார் வீட்டு வாய் இதெல்லாம் என் போனில் என்று கேட்டுக்கொண்டே ஒரே அமுக்கில் அழித்துவிட்டாள். அப்போதும் நான் பதறவில்லை, என் போனில்தான் இருக்கிறதே என்று. மறுநாள் டாக்டர், ஒரு பெரியவரின் பழைய மேல் வரிசைப் படத்தைக் கேட்டார். போனைத் திறந்தேன். ஒரு படம்கூட இல்லை. படங்களைச் சேமிக்க இரண்டு போனுக்கும் சிக்கனமாக ஒரே ஆன்லைன் கணக்கு போதும் என்று நான்தான் போட்டு வைத்திருந்தேன். அங்கே அழித்தது இங்கேயும் அழிந்திருந்தது. இத்தனை வருடத் தொழிலில் என்னிடம் ஒரு கடைவாய்ப் பல்கூட மிச்சமில்லை. டாக்டர் போட்ட சத்தத்தில், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவர் தானாகவே மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் மாடி வீட்டுக்காரரிடம் போனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றுவதும் இறக்குவதும் அவருக்கு அத்துப்படி. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும், சுவரைப் பார்த்தபடியே யோசனை சொன்னார்.

“சார், இறங்குறதை ஏன் தடுக்குறீங்க? இறங்கட்டும். அப்புறம் அழிச்சிடுங்க. வெள்ளிக்கிழமை தாண்டிட்டா அவங்க நினைச்சாலும் திரும்ப இறக்க முடியாது.”

எவ்வளவு சுலபம். இது தெரியாமல் பரணைத் துடைத்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நிகழ்ச்சியை எடுத்துவிடும் நேரம் நெருங்கும்போது நானே அவளை இறக்கச் சொன்னேன். இறக்கினாள். ஒரு தடங்கல் இல்லை. கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. அந்த ஆப்பில் அப்படி ஒரு அடையாளம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பாய்ந்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்டது. நிச்சயமாக என்றேன். நேரம் தாண்டியதும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். ‘இந்த நிகழ்ச்சி இனி கிடைக்காது.’ அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். படிக்கப் படிக்க இனித்தது. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவள் ஈரத் தலையில் துண்டோடு வந்தாள். போனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

“அழிச்சிட்டீங்களா?”

“எதை?”

“போகட்டும் விடுங்க. நான்தான் அன்னிக்கே பார்த்துட்டேனே.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டிருந்த கால் தானாக இறங்கியது.

“என்னிக்கு?”

“நீங்க பார்த்த அன்னிக்குத்தான். நீங்க கீழ, நான் மாடி வீட்டுல.”

“கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன?”

“நீங்க பல் வேலைன்னு சொன்னீங்க. நான் கடைன்னு சொன்னேன்.”

குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னாள். டிவிக்காரர்கள் முன்கூட்டியே அவளுக்குப் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் இப்படி மார் தட்டியிருக்கிறாரே, உண்மையா என்று கேட்டார்களாம். இவளும் பதில் சொன்னாளாம். விளம்பரம் முடிந்ததும் அதைத்தான் போட்டார்களாம். நான்தான் அணைத்துவிட்டேன். அன்றைக்கு அரங்கத்துக்குள் போகும்போது வீட்டுப் போன் நம்பரைக் கேட்டு வாங்கியது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன பதில் சொன்ன?”

“உண்மைதாங்க, எங்க வீட்டுல அவர் முடிவுதான்னு சொன்னேன்.”

உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு நல்லவள் என்று நினைப்பதற்குள் அவள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

“நேத்துகூட ராத்திரி கொசு கடிச்சப்ப, எழுந்து அடிக்கிறதா, போத்திக்கிட்டுப் படுக்கிறதான்னு நான் தலையிடவே இல்ல. அவரே ரொம்ப நேரம் யோசிச்சாரு. போத்திக்கிட்டாருன்னு சொன்னேன். அரங்கமே விழுந்து விழுந்து சிரிச்ச மாதிரி சத்தம் சேர்த்திருந்தாங்க.”

தெரு, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, டாக்டர், லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாதமாக நான் பார்த்த அத்தனை பல்லும் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றது. எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“எல்லாம் தெரிஞ்சும் இந்த வாரம் பூரா எதுக்கு இறக்கணும் இறக்கணும்னு உயிரை வாங்கின?”

அவள் பரணைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னல் கம்பிகளை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“நான் வாயைத் திறந்து ஒரு வேலை சொன்னேனா? சும்மா போனைக் கையில எடுத்தேன். நீங்களா எழுந்து செஞ்சீங்க.”

அவமானம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் ஒரே ஒரு ஆறுதல் மிச்சமிருந்தது. அந்த நிகழ்ச்சி இனி எங்கும் கிடையாது. அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

“அக்கா வீட்டு டிவிப் பெட்டியில பதிவு பண்ணி வச்சிருக்காங்களே. ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாரும் வராங்க, ஒண்ணா உட்கார்ந்து பார்க்க. உங்களுக்கும் டிக்கெட் போட்டாச்சு.”

வரமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் போனைக் கையில் எடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

“ரெண்டு சீட்டு. ஜன்னல் ஓரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு. எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

ஒரு குடும்பத் தலைவனுக்கு உரிய நிதானத்தோடு யோசித்து, ஜன்னல் ஓரம் என்றேன்.

“அது எனக்கு” என்றாள்.